சம்பளம், வீடு, கடை, தராசு: அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பாடம்



அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு உயர்ந்த கட்டடங்களும் பெரிய கார்களும் டொலரும்தான் ஞாபகத்துக்கு வரும். "அவங்களுக்கு என்னா கொறை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பணக்கார நாட்டைக் கட்டி எழுப்பிய தொழிலாளர்களில் ஏராளமானோர் ஒரு காலத்தில் கம்பனி வீட்டில் குடியிருந்து, கம்பனிக் கடையில் கடன் வைத்து, சம்பள நாளன்று வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள்தான். அந்த வரலாற்றை இம்முறை படிப்போம். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இது உதவும். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வயலை விட்டு ஆலைக்கு

முதலில் அமெரிக்காவும் விவசாய நாடாகத்தான் இருந்தது. 1820ஆம் ஆண்டுகளில் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்றங்கரையில் லோவல் என்ற ஊரில் பெரிய துணி ஆலைகள் எழுந்தன. ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் இயந்திரங்கள் ஓடின. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகளின் பெண் பிள்ளைகள். அவர்கள் கம்பனி கட்டிய விடுதிகளில் தங்கினார்கள். மணி அடித்தால் எழும்ப வேண்டும், மணி அடித்தால் ஆலைக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கும் கூடுதலாக வேலை.

1834இல் கூலியைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 1836இல் மறுபடியும் வந்தார்கள். இம்முறை கூலியில் கை வைக்கவில்லை, விடுதிக் கட்டணத்தைத்தான் கூட்டினார்கள். ஆனாலும் அந்தப் பெண்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. கூலியைக் குறைத்தாலும் கட்டணத்தைக் கூட்டினாலும் கையில் மிஞ்சுவது குறையத்தானே செய்யும்? இந்தப் பாடத்தின் மூல விஷயம் இதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையிரதம், உருக்கு, எண்ணெய்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. அதன் முடிவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கைத்தொழில் மிக வேகமாக வளர்ந்தது. 1869 மே 10ஆம் திகதி கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதை யூட்டா பகுதியில் ஒன்று சேர்ந்தது. மேற்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து பாதை போட்டவர்கள் பல்லாயிரம் சீனத் தொழிலாளர்கள். 1860இல் சுமார் 30,000 மைலாக இருந்த புகையிரதப் பாதை 1900இல் சுமார் 190,000 மைலாகப் பெருகியது.

புகையிரதத்துக்கு உருக்கு வேண்டும், உருக்குக்கு நிலக்கரி வேண்டும். அண்ட்ரூ கார்னகி என்பவர் ஸ்கொட்லாந்தில் ஒரு ஏழை நெசவாளியின் மகன். 1848இல் அமெரிக்காவுக்கு வந்து, வாரம் ஒரு டொலர் 20 சதத்துக்கு ஆலையில் வேலை செய்த பையன். அவரே 1901இல் தமது உருக்குக் கம்பனியை 48 கோடி டொலருக்கு விற்றார். ஜோன் ரொக்பெல்லர் 1870இல் ஆரம்பித்த ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனி, பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் அந்நாட்டு எண்ணெய் சுத்திகரிப்பில் பெரும் பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1880க்கும் 1920க்கும் இடையில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

உற்பத்தி பெருகியது, நாடு பணக்கார நாடாகியது. ஆனால் உருக்கு ஆலையில் 12 மணித்தியால வேலை சாதாரணம். 1886 மே முதலாம் திகதி எட்டு மணித்தியால வேலை கேட்டு இலட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாம் வருஷா வருஷம் கொண்டாடும் மே தினம் அங்கிருந்து வந்ததுதான்.

புல்மன் நகரம்

இப்போது நமக்கு நெருக்கமான கதைக்கு வருவோம். புகையிரதத்தில் படுத்துக்கொண்டு போகும் பெட்டிகளைச் செய்து பெரும் பணம் சம்பாதித்தவர் ஜோர்ஜ் புல்மன். 1880இல் அவர் சிக்காகோவுக்குத் தெற்கே தமது தொழிலாளருக்காக ஒரு நகரத்தையே கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், தண்ணீர்க் குழாய், பூங்கா, பாடசாலை, வாசிகசாலை, கடைத்தெரு எல்லாம் இருந்தன. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அந்தக் காலத்துச் சேரி வீடுகளோடு ஒப்பிட்டால் அவை நல்ல வீடுகள்தான். அதை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு வீட்டையும் தொழிலாளி விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு மட்டும்தான் இருக்கலாம். வீடும் கம்பனிக்குச் சொந்தம், தண்ணீரும் காஸும் கம்பனியிடம்தான் வாங்க வேண்டும், வாசிகசாலைக்கும் கட்டணம். பின்னர் அரசாங்க விசாரணைக் குழு பார்த்தபோது, அங்கே வாடகை சிக்காகோவில் அதே மாதிரியான வீடுகளைவிட 20 முதல் 25 சதவீதம் கூடுதல் என்று கண்டது.

1893இல் நாடெங்கும் பொருளாதார நெருக்கடி வந்தது. கம்பனி பலரை நிறுத்தியது, மிச்சப் பேரின் கூலியைச் சராசரியாக 25 சதவீதம் குறைத்தது. வாடகையோ ஒரு சதம்கூடக் குறையவில்லை. வாடகை போக, இரண்டு வாரச் சம்பளத்தில் சில சதம் மட்டும் கையில் வாங்கியவர்கள் இருந்தார்கள். அதே காலத்தில் பங்குதாரருக்குக் கம்பனி கொடுத்த இலாபப் பங்கு 25 இலட்சம் டொலரிலிருந்து 28 இலட்சம் டொலருக்கு மேல் உயர்ந்தது.

ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல் தொழிலாளிப் பெண்ணின் நிலையைப் பாருங்கள். அவருடைய தகப்பனார் பத்து வருஷம் அந்தக் கம்பனியில் உழைத்தவர். நோயில் விழுந்து இறந்தபோது சுமார் 60 டொலர் வாடகைப் பாக்கி இருந்தது. அந்தப் பாக்கியை மகள் தலையில் வைத்தார்கள். தன் சம்பளத்திலிருந்து சம்பள நாளுக்குச் சம்பள நாள் அவர் கட்ட வேண்டியதாயிற்று. அப்பா பட்ட கடன் பிள்ளை தலையில் விழுவது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொழிலாளர் பிரதிநிதிகள் போய், ஒன்று கூலியைப் பழையபடி தாருங்கள், இல்லாவிட்டால் வாடகையைக் குறையுங்கள் என்று கேட்டார்கள். கம்பனி சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. வேலை கொடுப்பவர் வேறு, வீட்டுச் சொந்தக்காரர் வேறு, இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்றது. இரண்டும் ஒரே கம்பனிதான்! பேசப் போனவர்களில் மூன்று பேர் அடுத்த நாளே நிறுத்தப்பட்டார்கள். 1894 மே 11ஆம் திகதி வேலைநிறுத்தம் ஆரம்பமானது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான புகையிரதத் தொழிலாளர் சங்கம் அவர்களுக்கு ஆதரவாக நின்றது. புல்மன் பெட்டி பூட்டிய வண்டிகளை ஓட்ட மறுத்தார்கள். பல மாநிலங்களில் புகையிரதம் நின்றது. ஜனாதிபதி குளீவ்லண்ட் இராணுவத்தை அனுப்பினார். பலர் உயிரிழந்தார்கள். டெப்ஸ் ஆறு மாதம் சிறை சென்றார். தொழிலாளர் தோற்றார்கள்.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. 1898இல் இலினோய் மாநில உயர் நீதிமன்றம், தொழிற்சாலை நடத்த அனுமதி பெற்ற கம்பனிக்கு ஒரு ஊரையே சொந்தமாக வைத்திருக்க உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. வீடுகளை விற்க வேண்டி வந்தது. தோற்றுப்போன வேலைநிறுத்தம் கிளப்பிய கேள்விக்கு நான்கு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் பதில் கிடைத்தது.

கம்பனிக் கடையும் கம்பனிக் காசும்

மேற்கு வேர்ஜீனியா போன்ற மலைநாட்டு நிலக்கரிப் பகுதிகளில் நிலைமை இன்னும் கடினம். பக்கத்தில் ஊரே கிடையாது. சம்பளத்துக்கு முன்னால் அட்வான்ஸ் கேட்டால் அரசாங்கக் காசு தரமாட்டார்கள். கம்பனி அடித்த உலோக வில்லைகளும் சீட்டுகளும்தான் தருவார்கள். அது கம்பனிக் கடையில் மட்டும் செல்லும். வெளியில் மாற்றினால் பெறுமதி குறையும். மாவு, சீனி, சப்பாத்து மட்டுமல்ல, சுரங்கத்தில் வெடிக்க வைக்கும் மருந்தும் ஆயுதங்களும் அங்கேதான் வாங்க வேண்டும். வீட்டு வாடகை, டொக்டர் காசு எல்லாம் சம்பளத்தில் வெட்டு. மாதம் முடிய "கையில என்னா மிஞ்சுது?" என்று பார்த்தால் சில பேருக்குக் கடன்தான் மிஞ்சும். கடன் இருக்கும் வரை இடம் மாறுவது எப்படி?

தென் மாநிலமான டென்னசி 1899இல், இந்தக் கம்பனிச் சீட்டைக் கொண்டுவந்தால் பணமாக மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. கம்பனி ஒன்று எதிர்த்து வழக்காடியது. 1901இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னது.

நம் முன்னோருக்கும் கடனால் கட்டுண்ட நிலைமை இருந்தது. கடனைத் தீர்த்தால்தான் ஆள் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்ற 'துண்டு' முறையை இங்கே 1921இல் சட்டத்தால் நீக்கினார்கள். பெரியவர்களிடம் கேட்டால் கேள்விப்பட்ட கதைகளைச் சொல்வார்கள்.

தராசுக்குப் பக்கத்தில் நம்ம ஆள்

நிலக்கரித் தொழிலாளிக்கு நாள் கூலி அல்ல, வெட்டிய கரியின் எடைக்குத்தான் கூலி. ஆகவே தராசு யார் கையில் என்பது பெரிய விஷயம். நிறுவையில் குறைக்கிறார்கள் என்று தொழிலாளர் முறைப்பட்டார்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழிக்கிறது என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல.

1913 செப்டெம்பரில் கொலராடோ மாநிலத்தில் சுமார் 11,000 நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் சில: தராசுக்குப் பக்கத்தில் நாங்கள் தெரிவு செய்த ஆள் நிற்க வேண்டும். எங்களுக்கு விருப்பமான கடையில் சாமான் வாங்க விட வேண்டும். விருப்பமான வீட்டில் இருக்கவும் விருப்பமான டொக்டரிடம் போகவும் விட வேண்டும். எட்டு மணித்தியால வேலை வேண்டும். ஏற்கெனவே இருக்கிற மாநிலச் சட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டும். கடைசிக் கோரிக்கையைக் கவனியுங்கள். தராசுக்கு ஆள் வைக்கும் உரிமை முன்னமே சட்டப் புத்தகத்தில் இருந்தது. சுரங்கத்து வாசலில்தான் இல்லை.

வேலைநிறுத்தம் என்றதும் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். வீடு கம்பனியுடையதல்லவா? குடும்பங்கள் சங்கம் கொடுத்த கூடாரங்களில் பனிக் காலத்தைக் கழித்தன. 1914 ஏப்ரல் 20ஆம் திகதி லட்லோ என்ற இடத்தில் மாநிலப் படையினரும் கம்பனிக் காவலரும் கூடார முகாமைத் தாக்கினார்கள். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் கீழே வெட்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு தாய்மாரும் 11 பிள்ளைகளும் மூச்சடைத்து இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. ஆனாலும் அந்த வருஷம் டிசெம்பரில் கோரிக்கை நிறைவேறாமலேயே வேலைநிறுத்தம் முடிந்தது.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1935இல் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 1938இல் மணிக்கு 25 சதம் என்று குறைந்தபட்சக் கூலியும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கத் தடையும் வந்தன. லோவல் பெண்கள் கணக்குப் பார்த்து வெளியே வந்து நூறு வருஷத்துக்குப் பிறகு!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொடுக்கிற கையும் எடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்தான் தப்புவார் என்பதைச் சொல்லவே எழுதினோம்.

ஒன்று: சம்பளம் கூடியது என்றதும் சந்தோஷப்பட்டு நின்றுவிடக்கூடாது. வெட்டு எவ்வளவு, கையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இரண்டு: சம்பளத் துண்டைக் கசக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு வெட்டும் எதற்கு என்று விளங்காவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாதா மாதத் துண்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். சேமலாப நிதிக் கணக்கிலோ வேறு கணக்கிலோ பிரச்சினை வந்தால் அதுதான் சாட்சி.

மூன்று: நிறுத்த எடையை அன்றன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

நான்கு: வீடு, காணி பற்றிய எந்தக் கடிதம் வந்தாலும் வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். பிரதியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

ஐந்து: சட்டம் இருப்பது வேறு, அது நம் வாசலுக்கு வருவது வேறு. தெரிந்தவர் கேட்டால்தான் வரும்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. விடுதிக் கட்டணத்தைக் கூட்டியதை லோவல் பெண்கள் ஏன் கூலிக் குறைப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்?
2. புல்மன் நகரத்து வீடுகள் நல்ல வீடுகள்தான். அப்படியிருந்தும் தொழிலாளர் ஏன் திருப்தியாக இருக்கவில்லை?
3. கொலராடோ தொழிலாளர் இருக்கிற சட்டத்தையே ஏன் மறுபடியும் கேட்க வேண்டி வந்தது?
4. போன மாதம் உங்கள் வீட்டுச் சம்பளத் துண்டில் எத்தனை வெட்டுகள் இருந்தன? ஒவ்வொன்றும் எதற்கு என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரியுமா?

நான்காவது கேள்விக்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்று இரவே துண்டை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பமாக இருந்து பாருங்கள். விளங்காத இடம் இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.