மருந்து அடிக்க அடிக்க பூச்சி பெருகுவது ஏன்?



பள்ளிக்கூடத்தில் உணவுச் சங்கிலி என்று படித்திருப்போம். புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும். ஆனா நம்ம பூலாம்பாடி பருத்திக் காட்டுல இருப்பது ஒரே சங்கிலி இல்லை, பல சங்கிலிகள் பின்னிக் கிடக்கிற வலை. அசுவினியும் வெள்ளை ஈயும் சாறு உறிஞ்சும். பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் அவற்றைத் தின்னும். இவற்றைப் பிடிக்க ஓணானும் கரிச்சான் குருவியும் வரும்.

வருஷக் கணக்கா மருந்து அடிச்சா இந்த வலை என்ன ஆகும்? மருந்து கெட்ட பூச்சி, நல்ல பூச்சி என்று பார்ப்பதில்லை, இரண்டும் சாகும். பிறகுதான் வேறுபாடு. தப்பிப் பிழைத்த அசுவினிக்குக் காடு முழுக்கச் சாப்பாடு. ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போட்டுப் பெருகிவிடும். பொறிவண்டுக்கோ அசுவினி பெருகிய பிறகுதான் இரை. அது வந்து முட்டையிட்டுப் பெருகுவதற்குள் நாம் அடுத்த டேங்க் கலக்கிவிடுகிறோம். மருந்துக்குச் சாகாத பூச்சியின் வாரிசுகளும் கூடிக்கொண்டே போகும். குழுக் கடன் வாங்கி அடிக்கிற மருந்து, பூச்சிக்குக் காவல் நிற்பது போல ஆகிவிடுகிறது.

இந்தோனேசியா நாட்டில் இதுதான் நடந்தது. நெல்லுக்கு அடிக்கிற மருந்துக்கு அரசே மானியம் கொடுத்தது. சிலந்திகள் அழிந்தன, புகையான் தலைவிரித்து ஆடியது. 1986-ல் அந்த அரசே நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் குறைந்துவிடவில்லை.

நம்ம தமிழ்நாட்டுக் கதையையும் கேளுங்க. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, பருத்தி, குச்சிக்கிழங்கு என்று பரவியது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. இங்கே அதை அடக்குகிற எதிரி இல்லை. மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வேறு அதற்குக் காவல் நின்றன! அடித்த மருந்தில் செத்தது பெரும்பாலும் பொறிவண்டுதான்.

வலையில் இல்லாத அந்தக் கண்ணியை 2010-ல் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி, அளவு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும்; புழு உள்ளேயிருந்தே தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. விட்ட இடத்தில் மருந்து அடிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது.

அப்போ மருந்தே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. சேதம் கை மீறினால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு அடிக்கலாம். பூச்சி இருக்கோ இல்லையோ, நாள் குறித்து அடிப்பதுதான் வம்பு. அந்த மருந்து நம்மையும் விடுவதில்லை. 2017-ல் நம்ம பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் சிலர் உயிரே இழந்தார்கள்.

வரப்பு ஓரத்தில் தட்டைப்பயறு போடுங்கள். அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அங்கிருந்து பருத்திக்கும் போகும். செலவு ஒரு கை விதைதான், பயறும் நமக்கே.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை. காலையில் வயலில் அங்கங்கே பத்துச் செடியைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, சாறு உறிஞ்சும் பூச்சி எத்தனை, பொறிவண்டும் சிலந்தியும் எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டு கெட்ட பூச்சிக்கு ஒரு நல்ல பூச்சி இருந்தால் அந்த வாரம் மருந்து வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. பொறிவண்டின் புழு கறுப்பாக, முள்ளுமுள்ளாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். அதைக் கெட்ட புழு என்று நசுக்கிவிடாதீர்கள். எண்ணியதை எழுதிக் கொண்டு வாங்க, எல்லார் வயல் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.