டைட்டேனியத்தில் ஒட்டும் பெப்டைடைத் தேடிப் பிடிப்பது எப்படி?

எலும்பில் பொருத்தும் டைட்டேனியம் திருகு உறுதியானது, துருப்பிடிக்காதது. ஆனால் எலும்புச் செல்லை வரவழைக்கும் எதுவும் அதன் மேற்பரப்பில் கிடையாது. வளர்ச்சிப் புரதம் ஒன்றை அதன்மேல் தடவிப் பார்க்கலாம். அது கோணல்மாணலாகப் படியும். வேலை செய்ய வேண்டிய முனை உலோகத்தின் பக்கம் திரும்பி மறைந்துபோகும். அதைவிட, உலோகத்தைத் தானே பற்றிக்கொள்ளும் சிறிய பெப்டைடு ஒன்றை இடையில் வைப்பது மேல். அந்தப் பெப்டைடை நாம் வடிவமைக்க வேண்டியதில்லை, கோடிக்கணக்கானவற்றிலிருந்து சலித்தெடுக்கலாம். இதற்கான ஃபேஜ் டிஸ்பிளே முறையை 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் வெளியிட்டார்; 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

எம்13 என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் நூல் போன்ற வைரஸ். அதன் ஒரு நுனியில் பி-3 என்ற புரதம் ஐந்து பிரதிகளாக இருக்கிறது. அந்தப் புரதத்தின் மரபணுவில் சிறு டிஎன்ஏ துண்டு ஒன்றைச் செருகினால், அதற்குரிய பெப்டைடு வைரஸின் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெப்டைடு வெளியே, அதன் செய்முறை உள்ளே. ஒட்டிய வைரஸைப் பிடித்து டிஎன்ஏவைப் படித்தால் ஒட்டியது எது என்று தெரிந்துவிடும்.

முதல் வேலை நூலகம் வாங்குவது, அதாவது ஆளுக்கொரு பெப்டைடைத் தாங்கிய வைரஸ்களின் தொகுப்பை. கடையில் கிடைப்பவற்றில் சுமார் 100 கோடி வகைகள் இருக்கும். ஏழு அமினோ அமில நூலகம் என்றால் சாத்தியமான வரிசைகள் 128 கோடிதான், அதில் கணிசமானதைத் தொட்டுவிடலாம். பன்னிரண்டு என்றால் 4,096 லட்சம் கோடி. கையில் இருப்பது அதில் ஒரு துளி. ஆனாலும் உலோகங்களுக்கு நான் பன்னிரண்டையே எடுப்பேன். தட்டையான பரப்பைப் பல இடங்களில் பற்ற நீளம் உதவும்.

அடுத்து மேற்பரப்பு. வைரஸ் தொடப்போவது உலோகத்தை அல்ல, அதன்மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலத்தை. மெருகூட்டுவதும் கழுவுவதும் கிருமி நீக்குவதும் மாறினால் அந்தப் படலமும் மாறும். ஆகவே நோயாளிக்குப் போகும் திருகை எப்படித் தயாரிப்பார்களோ, சோதனைத் துண்டையும் அப்படியே தயாரியுங்கள். எங்கோ வாங்கிய பொடியில் தேர்ந்தெடுத்துவிட்டுத் திருகில் ஒட்டவில்லையே என்று புலம்புவதில் பயனில்லை.

உலோகத்தில் விடுவதற்கு முன், நூலகத்தை வெறும் பிளாஸ்டிக் குழாயில் சற்று நேரம் வைத்து எடுங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டுபவை அங்கேயே தங்கிவிடும்.

இனி சலித்தெடுப்பு. வகைக்குச் சுமார் 100 பிரதிகள் வரும்படி 10,000 கோடி வைரஸ்களை, 0.1 சதவீத ட்வீன்-20 என்ற சோப்புப் பொருள் கலந்த டிரிஸ் உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் உலோகத்தோடு வையுங்கள். பாஸ்பேட் கரைசல் வேண்டாம். பாஸ்பேட் தானே ஆக்சைடில் போய் ஒட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து முறை கழுவுங்கள். மிஞ்சியதை பிஎச் 2.2 கிளைசின் கரைசலால் பத்து நிமிடத்துக்குள் கழற்றி, உடனே டிரிஸால் நடுநிலையாக்கி, ஈ. கோலையில் பெருக்குங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் ட்வீனை 0.5 சதவீதமாக ஏற்றி, மொத்தம் மூன்று சுற்றுகள் போதும்.

கழற்றும் இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். இதே முறையை எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டில் செய்தால், அந்த அமிலம் தாதுவையே கரைத்துவிடும். நீங்கள் எண்ணுவது கழன்ற வைரஸையா, கரைந்த பரப்போடு வந்ததையா என்று தெரியாது. மற்றொன்று, மிக இறுக்கமாகப் பற்றியவை அமிலத்துக்கும் அசையாமல் இருக்கலாம். நமக்கு வேண்டியவை அவைதானே! கழுவிய உலோகத் துண்டையே பாக்டீரியா வளர்ப்பில் போட்டால் அவையும் பெருகும்.

தட்டில் வளர்க்கும்போது நூலக வைரஸ்கள் நீலப் புள்ளிகளாகத் தெரியும்; அவற்றை மட்டும் எடுங்கள். நிறமற்ற, பெரிய புள்ளிகள் ஆய்வகத்தில் திரியும் வேறு வைரஸ்கள். அவை கலந்துவிடாமல் தடுக்கத்தான் வடிகட்டி முனை கொண்ட பிப்பெட்.

டிஎன்ஏவைப் படித்ததும் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் மகிழ்ச்சி பொங்கும். அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். ஹிஸ்டிடின்–அலனின்–ஐசோலியூசின்–டைரோசின்–புரோலின்–ஆர்ஜினின்–ஹிஸ்டிடின் என்ற வரிசை பற்பல இலக்குகளுக்கு 'விடை'யாக வந்திருக்கிறது. உண்மையில் அந்த வைரஸில் உள்ள ஒரு பிறழ்வு அதை மற்றவற்றைவிட வேகமாகப் பெருக வைக்கிறது, அவ்வளவுதான். டிரிப்டோபான் மிகுந்த வரிசைகள் பிளாஸ்டிக்கைப் பிடித்தவையாக இருக்கக்கூடும். இப்படிப்பட்ட போலிகளை வடிகட்ட 'சாரோட்டப்' என்ற இணையக் கருவி உண்டு. எல்லா வரிசையையும் அதில் போட்டுப் பாருங்கள். பெருக்காமல் வைத்த நூலகத்தோடு ஒப்பிடுவதும் நல்லது.

தேறியவற்றை ஒவ்வொன்றாக, பெப்டைடு இல்லாத எம்13-ஓடு ஒப்பிட்டு எலைசா என்ற ஒட்டுதல் சோதனையில் பாருங்கள். பிறகு வைரஸை விட்டுவிட்டு பெப்டைடைத் தனியாகச் செய்விக்க வேண்டும். முன்முனை திறந்திருக்கட்டும், வைரஸில் அது அப்படித்தான் இருந்தது. பின்முனையில் மூன்று கிளைசின், ஒரு செரின் சேருங்கள். அதே அமினோ அமிலங்களைக் கலைத்து அடுக்கிய போலிப் பெப்டைடு ஒன்றும் கட்டாயம். வைரஸில் ஐந்து பிரதிகள் சேர்ந்து பற்றின, இங்கே ஒன்று மட்டும் என்பதால் பிடி தளர்வது இயல்பு.

எந்த அமினோ அமிலம் வேலை செய்கிறது என்று அறிய, ஒவ்வொன்றாக அலனினாக மாற்றிப் பாருங்கள். ஜப்பானில் சானோவும் ஷிபாவும் 2003-இல் வெளியிட்ட டைட்டேனியப் பெப்டைடு பன்னிரண்டு அமினோ அமிலம் கொண்டது. பிடிக்குத் தேவைப்பட்டவை முதல் ஆறுதான்: ஆர்ஜினின், லைசின், லியூசின், புரோலின், அஸ்பார்டிக் அமிலம், அலனின். அவற்றிலும் ஒன்றாவது, நான்காவது, ஐந்தாவது இடங்கள் முக்கியம். அதே பெப்டைடு வெள்ளியிலும் சிலிக்கானிலும் ஒட்டியது, தங்கத்தில் ஒட்டவில்லை. ஆகவே உங்கள் பெப்டைடையும் வேறு உலோகங்களில் வைத்துப் பாருங்கள்.

கடைசியில் சரக்கை ஏற்றுங்கள். ஷிபா குழுவினர் அந்த ஆறு அமினோ அமிலத் துண்டை பிஎம்பி-2 என்ற எலும்பு வளர்ச்சிப் புரதத்தோடு இணைத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோன் குழுவினர் எலும்புத் தாதுவைப் பிடிக்கும் பெப்டைடையும் குருத்தணுவைப் பிடிக்கும் பெப்டைடையும் ஒரே சங்கிலியாக்கினார்கள். எதை ஏற்றினாலும், கிருமி நீக்கிய பிறகு சீரத்தில் ஊறவைத்து மறுபடி அளந்து பாருங்கள். சீரத்தின் புரதங்களும் அதே பரப்புக்குத்தான் போட்டியிடும்; உப்புக் கரைசலில் மட்டும் நிலைத்த பெப்டைடை அந்தக் கட்டத்திலேயே கைவிட்டுவிடலாம்.