கவுண்டரில் இருப்பவருக்கு என் மகளின் இலக்கம் எதற்கு?

கேள்வி: மகளைச் சென்னைக்கு விமானம் ஏற்றிய அன்றிரவே, கவுண்டரில் நின்ற பெடியன் அவளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறான். இலக்கம் எப்படிக் கிடைத்தது?
— வாசகி, உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: திருடவே தேவையில்லை, அம்மா. சீட்டிலுள்ள ஆறு எழுத்துப் பதிவுக் குறியீட்டைத் தட்டினால் பெயர், கைபேசி இலக்கம், கடவுச்சீட்டு விவரம், கேட்டுவைத்த சைவச் சாப்பாடு வரை திரையில் வந்து நிற்கும். இலக்கத்தை வாங்குவது விமானம் தாமதித்தால் அறிவிக்க. பழக்கம் பிடிக்க அல்ல.

அந்தப் பதிவை யார், எப்போது திறந்தார் என்பதும் பொதுவாகக் கணினியில் பதியும். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திகதி, விமான இலக்கத்தோடு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். திறந்தவர் யாரென்று பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

சட்டமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒன்றுக்கு வாங்கிய தரவை வேறொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, தள்ளிப்போட்டார்கள். நம்மூர் வேகம் தெரிந்ததுதானே.

கவுண்டரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2021இல் ஏர் இந்தியாவின் 45 லட்சம் பயணிகளின் விவரம் கசிந்தது, தரவைக் கையாண்ட சீட்டா நிறுவனத்தின் கணினியிலிருந்து. மகளிடம் சொல்லுங்கள்: போர்டிங் பாஸைப் பேஸ்புக்கில் போட வேண்டாம். குடும்பப் பெயரும் குறியீடும் கிடைத்தால், பல நிறுவனங்களின் தளத்தில் யாரும் பதிவைத் திறந்துவிடலாம்.