கட்டற்ற இயங்குதளமும் வன்பொருள் இயக்கிகளும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் வித்துரா. இத்தகைய மலையடிவார ஊரிலுள்ள பள்ளி ஒன்றில், கணினி அச்சுப்பொறியை அறிந்துகொள்ள மறுத்தால் என்ன நேரும்? பழுது பார்ப்பவர் நகரத்திலிருந்து வரும்வரை வேலை தடைப்படும். கருவி பழுதடைந்திராது; அதனை இயக்கும் சிறு நிரல் ஒன்றே இல்லாதிருக்கும். அந்த நிரலே வன்பொருள் இயக்கி.

கேரளத்தின் அனுபவம்

கேரள அரசு 2001ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. நாளடைவில் பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. பின்னர் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள் கணினி, ஒளிவீழ்த்தி ஆகியவற்றுடன் நவீனமாக்கப்பட்டன. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் வடிவமைத்த இயங்குதளம் பள்ளிகளில் பயன்படுத்தப்படுகிறது. உரிமக் கட்டணம் இல்லை. நிரலைத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளவும் இயலும். ஆயினும், இந்நன்மைகள் யாவும் வாங்கப்படும் கருவி அவ்வியங்குதளத்துடன் ஒத்துழைப்பதைப் பொறுத்தவை.

இயக்கி செயற்படும் விதம்

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கட்டளைமுறை உண்டு. இயங்குதளத்தின் பொதுவான ஆணையைக் கருவி அறியும் கட்டளையாக மாற்றித் தருவது இயக்கியின் பணி. யு.எஸ்.பி. கருவியைப் பொருத்தியவுடன், அது தன் உற்பத்தியாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கணினிக்குத் தெரிவிக்கிறது. அவற்றைக் கொண்டு உரிய இயக்கி தேர்ந்தெடுக்கப்படுகிறது. விசைப்பலகை, சேமிப்புக் கருவி போன்றவை பொதுவிதிகளுக்கு உட்பட்டவை. எனவே ஒரே இயக்கி பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் போதுமானது. அச்சுப்பொறி, கம்பியில்லா இணையக் கருவி முதலியவற்றிலேதான் இடர்ப்பாடு மிகுதி.

உற்பத்தியாளர் கட்டளை விவரங்களை வெளியிட்டால், இயக்கி லினக்ஸின் மூல நிரலில் இடம்பெறுகிறது. அம்மூல நிரலின் பெரும்பகுதி இயக்கிகளே. பதிப்பு மாறும்போது அவையும் உடன் திருத்தப்படுகின்றன. விவரங்களை மறைத்து, மூடிய இயக்கியை மட்டும் வழங்கினாலோ, புதிய பதிப்பில் அது செயலிழக்கக்கூடும். நிறுவனம் அக்கருவியைக் கைவிட்டபின் திருத்துவதற்கு எவருக்கும் வழியில்லை. நல்ல நிலையிலுள்ள கருவியும் மூலையில் முடங்கும்.

இச்சிக்கல் புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன், காகிதம் சிக்கிக்கொள்ளும் அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த விரும்பினார்; மூல நிரல் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த குனு திட்டத்திற்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுகோலாயிற்று.

சில கருவிகளுக்கு இயக்கியுடன், கருவிக்குள்ளேயே ஏற்றப்படும் மூடிய நிரலும் தேவைப்படுகிறது. நடைமுறைத் தேவை கருதி, 2023இல் வெளியான டெபியன் 12ஆம் பதிப்பு முதல் இத்தகைய நிரல்களும் நிறுவல் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. கொள்கைக்கும் பயன்பாட்டிற்கும் இடையே இன்னும் சமரசம் தேவைப்படுகிறது என்பதற்கு இது சான்று.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

மத்திய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருளைப் பின்பற்றும் கொள்கையை வெளியிட்டது. அது முழுப்பயன் தர, கொள்முதல் அலுவலர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவதாக, குறிப்பிட்ட இயங்குதளப் பதிப்பில் கருவி இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்குதல். இரண்டாவதாக, மாதிரிக் கருவியைப் பெற்று, அவ்வியங்குதளத்தை யு.எஸ்.பி. சேமிப்பிலிருந்து இயக்கிச் சோதித்தல். ஒலி, அச்சு, இணையம், ஒளிவீழ்த்தி என ஒவ்வொன்றையும் சரிபார்த்தல். மூன்றாவதாக, வழங்கப்படும் கருவியின் எண்கள் சோதித்த மாதிரியின் எண்களுடன் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தல். ஒரே பெயரில் விற்கப்படும் கருவிகளுள் வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு.

இயங்குதளத்தை இலவசமாகப் பெறலாம். பொருந்தாத கருவிக்குச் செலவிட்ட பணத்தை மீட்க இயலாது. கொள்முதலுக்கு முன் ஒரு நாள் செய்யும் சோதனை, தொலைதூரப் பள்ளியின் மாணவர் பல நாள் பாடத்தை இழக்காமல் காக்கும்.