தடைப் பட்டியலில் ஒரு கூட்டுறவுச் சங்கம்

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டில் 'லா ரெபாஹா' என்ற பெயர் கொண்ட மருந்துக் கடைகள் ஊர்தோறும் உண்டு. விலைக் குறைப்பு என்பது அப்பெயரின் பொருள். அக்கடைகளின் தொழிலாளர்கள் 1990-களின் நடுவில் தாங்களே அங்கத்தினராகக் கூடி, 'கோப்செர்விர்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக் கடைகளை விலைக்கு வாங்கினார்கள். அச்சங்கத்தின் பெயர் பின்னர் அமெரிக்க சர்க்காரின் நிதித் தடைப் பட்டியலில் ஏறியது. போதைச் சரக்கு கடத்துவோரின் பெயர்களோடு தொழிலாளர் சங்கம் ஒன்றின் பெயரும் நின்றது எவ்வாறு? இதனைப் புரிந்துகொள்ள, இத்தகைய பட்டியல்கள் பிறந்த வரலாற்றையும் அவை வேலை செய்யும் முறையையும் முதலில் காண வேண்டும்.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் நார்வேயிலும் டென்மார்க்கிலும் புகுந்தன. அந்நாட்டாரின் பணம் அமெரிக்கப் பாங்கிகளில் இருந்தது. ஆக்கிரமித்தவன் அதையும் எடுத்துக்கொண்டுவிடுவானே என்று அஞ்சி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அப்பணத்தை முடக்கி வைத்தார். ஆகவே இவ்வழக்கம் உடையவனுக்குக் காவலாகத் தொடங்கியது என்றே கூறலாம். ஆனால் 1941 ஜூலையிலேயே, எதிரி நாடுகளுக்குத் துணை போவதாகக் கருதப்பட்ட தென் அமெரிக்க வியாபார நிலையங்களின் பெயர்கள் பட்டியலாக வெளியிடப்பட்டன. காவலாகப் பிறந்தது விரைவில் ஆயுதமாயிற்று. 1950 டிசம்பரில், கொரியப் போரில் சீனா இறங்கிய பிறகு, அமெரிக்க நிதி இலாகாவில் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஏற்பட்டது. இன்று உலகத்துப் பாங்கிகள் யாவும் அஞ்சிப் பார்க்கும் பட்டியலை வைத்திருப்பது இவ்வலுவலகமே.

1977-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து அபாயம் நேர்ந்திருப்பதாக ஜனாதிபதி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்கிறார். அதன்பின் பெயர்களைச் சேர்ப்பது அலுவலகத்தின் பொறுப்பு. முன் அறிவிப்பு கிடையாது. நீதிமன்ற விசாரணையும் கிடையாது. நம் சங்கத்தில் ஓர் அங்கத்தினரை நீக்குவதானால் நோட்டீஸ் கொடுத்து அவருடைய சமாதானத்தைக் கேட்ட பிறகே தீர்மானம் செய்ய வேண்டும். அங்கோ முதலில் பூட்டு, பிறகே கேள்வி. முன்கூட்டிச் சொன்னால் ஒரே இரவில் பணம் வேறிடம் போய்விடும் என்பது அவர்கள் கூறும் காரணம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பெயர் ஏறியவரின் பணம் பறிமுதல் ஆவதில்லை. கணக்கு அவர் பெயரிலேயே நிற்கும். ஆனால் எடுக்க இயலாது, யாருக்கும் கொடுக்கவும் இயலாது.

அமெரிக்க உத்தரவு கொலம்பியாவில் எப்படிச் செல்லும் என்று சிலர் கேட்கலாம். சட்டப்படி அது அங்கே செல்லாது. ஆனால் டாலரில் வரவு செலவு செய்யும் எந்த நாட்டுப் பாங்கியும் நியூயார்க்கில் உள்ள ஏதேனும் ஒரு பாங்கியின் துணையை நாடியே தீர வேண்டும். அத்துணை அறுந்தால் அதன் வெளிநாட்டு வியாபாரம் படுத்துவிடும். சூடான், ஈரான், கியூபா ஆகிய நாடுகளின் மீதான தடைகளை மீறியதாக ஒப்புக்கொண்ட பிரான்ஸ் நாட்டுப் பாங்கியான பிஎன்பி பரிபா 2014-ல் சுமார் 897 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. இந்தத் தொகையைக் கண்ட பாங்கி நிர்வாகி எவரும், ஐயம் உள்ள கணக்கை வைத்துக்கொள்வதைவிட மூடிவிடுவதே மேல் என்று எண்ணுவது இயல்பே. பட்டியலின் பலம் பாதிக்கு மேல் இந்த அச்சத்தில்தான் இருக்கிறது.

பெயரை மாற்றிக்கொண்டு தப்புவோருக்காக ஒரு விதியும் உண்டு. பட்டியலில் உள்ளவர்களுக்கு நூற்றுக்கு ஐம்பது அல்லது அதற்கு மேல் பங்கு உள்ள நிறுவனம், தன் பெயர் பட்டியலில் இல்லாவிடினும், முடக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ருஷ்யாவின் அலுமினியக் கம்பெனியான ருசால் 2018 ஏப்ரலில் பட்டியலில் சேர்ந்தது. அதனை ஆண்டுவந்த டெரிபாஸ்கா என்னும் செல்வர், தாய்க் கம்பெனியில் தம் பங்கைப் பாதிக்குக் கீழே குறைத்துக்கொண்ட பின்னர், 2019 ஜனவரியில் அது விடுபட்டது. செல்வரின் பெயர் மட்டும் பட்டியலிலேயே நின்றது.

இனி மருந்துக் கடைக்கு வருவோம். அக்கடைகள் காலி நகரத்துப் போதைச் சரக்குக் கூட்டத்தின் தலைவர்களான ரோத்ரிகெஸ் ஒரெஹுவேலா சகோதரர்களுக்குச் சொந்தமாயிருந்தவை. 1980-களின் இறுதியில் எதிரிக் கூட்டத்தார் இக்கடைகளில் வெடிகுண்டு வைத்ததும் உண்டு. 1995 அக்டோபரில் ஜனாதிபதி கிளின்டன் இச்சகோதரர்களின் பெயர்களை அறிவித்தார். அதனால் கொலம்பியாவில் அதற்கு 'கிளின்டன் பட்டியல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. தொழிலாளர் சங்கம் கடைகளை வாங்கியது மெய்யான விற்பனை அன்று, பழைய முதலாளிகளின் முகமூடியே அது என்று அமெரிக்க அலுவலகம் கருதியது. சங்கமும் பட்டியலில் ஏறியது.

குற்றப் பணத்தில் வளர்ந்த கடைகள் என்பதில் தகராறு இல்லை. ஆனால் கடையில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் கடத்தல்காரர் அல்லர். பட்டியலில் இருந்தோரின் கணக்கைப் பாங்கிகள் மறுத்தபோது, வழக்கு கொலம்பியாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்றது. பாங்கிகள் மறுப்பதற்குப் புறநிலையான காரணம் உண்டு என்று 1999-ல் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. அயல்நாட்டு அலுவலகம் ஒன்றின் தாளுக்கு உள்நாட்டுச் சட்டத்தில் வலு இல்லாமலேயே வலு வந்துவிட்டதை இங்கே காண்கிறோம். 2004-ல் கொலம்பிய சர்க்காரே கடைகளைக் கைப்பற்றியது. சகோதரர்கள் 2006-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு முப்பது ஆண்டுத் தண்டனை பெற்றார்கள். 2014 ஜூனில் இக்கூட்டத்தைச் சார்ந்த 308 பெயர்கள் ஒருங்கே நீக்கப்பட்டன. சங்கமும் அப்போது விடுபட்டது. தலைவர்கள் அத்தண்டனை பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆன பிறகும் கடைச் சிப்பந்திகளின் சங்கம் காத்திருக்க நேர்ந்தது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டியல் யாரைக் குறிவைக்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. பயங்கரவாதிகள், ஆயுதம் கடத்துவோர், குடிமக்களை வதைத்த தளபதிகள் எனப் பலர் உண்டு. 2025-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலரும் சேர்க்கப்பட்டார்கள். பஞ்சு விளைவிப்போரும் நெய்வோரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. சீனாவின் சின்ஜியாங்கில் 1954 முதல் பெருமளவில் பருத்தி பயிரிட்டுவரும் உற்பத்தி நிர்மாணப் படை என்னும் சர்க்கார் ஸ்தாபனம், உய்கர் மக்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக 2020 ஜூலையில் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பின் நூல் வாங்குவோர், இந்தப் பஞ்சு எந்த வயலில் விளைந்தது என்று ஏட்டைக் கேட்கலானார்கள். ஆளையல்லாமல் மூட்டையையும் பட்டியல் பின்தொடர்கிறது.

நம் நாடு அமெரிக்கப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆனால் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் பட்டியலை, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி நிறைவேற்றுகிறது. கூட்டுறவுப் பாங்கிகளும் ரிசர்வ் பாங்கியின் விதிகளின்படி, தம் கணக்குதாரர் பெயர்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவை. தலைப்பெழுத்தோடு நின்றுவிடாமல் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் அத்தாட்சியோடு பாங்கியில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் ஒற்றுமையால் தவறாகக் கணக்கு முடக்கப்பட்டால், தாம் அந்த ஆள் அல்லர் என்பதற்கான அத்தாட்சிகளுடன் அதே பாங்கியில் எழுத்து மூலம் மனுச் செய்யலாம். பாங்கி இரண்டு வேலை நாட்களுக்குள் அதனை மேலே அனுப்ப வேண்டும். விசாரித்து உண்மை எனக் கண்டால், மத்திய உள்துறை அதிகாரி தாமதமின்றி விடுவிப்பு உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.