சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பின்னால்

அன்பு மருமகளுக்கு,

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேரப்போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். "ஊருக்கு உழைக்கத் தனியா ஒரு படிப்பா?" என்று ஆலங்குளத்தில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். 1936-லேயே பம்பாயில் டாடா அறக்கட்டளை இதற்குப் பள்ளி தொடங்கிவிட்டது. 1952-இல் சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் இந்தப் படிப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

உனக்கான பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும் பஸ் நிற்கவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் ஒரு நல நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்; முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்வரை அந்தப் பணத்தின் வட்டி வீட்டுக்கு.

தொகை சின்னதுதான். ஆனால் பிள்ளைக்குப் பின்னால் அப்பா வாங்கிய முன்பணமும் அம்மாவின் பீஸ் ரேட்டும் நிற்பதை நீதிமன்றம் பார்த்துவிட்டது. பிள்ளையை வேலையிலிருந்து எடு என்கிறது சட்டம். பிள்ளை கொண்டுவந்த சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பதில் என்ன என்று கேட்பவள் நீ.

அந்தச் சட்டத்தின் 2016 திருத்தம் 18 வயது வரை அபாயத் தொழிலைத் தடுக்கிறது. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. நல்லது. ஆனால் வாரிசுச் சான்று, பாஸ்புக், ஆதார் என்று பாட்டி ஒருத்தி தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டுமே! கூடப் போக ஆள் வேண்டும்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவு எடுத்தால் மில்லில் சீக்கிரம் வேலை கிடைக்கும், தப்பில்லை. நான் சமுதாய மேம்பாடு எடு என்பேன். களப்பணிக்கு விருதுநகர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணே அந்த டாடா பள்ளியின் களமுயற்சியாக 1996-இல் பிறந்ததுதான்.

பதிவேட்டில் 'ஏழைக் குடும்பம்' என்று எழுதிவிட்டு நகராதே. வாரம் என்ன வருகிறது, யாரிடம் எவ்வளவு முன்பணம், தீபாவளி முடிந்து எத்தனை வாரம் வேலையில்லை, மூத்தவள் எந்த வகுப்போடு நின்றாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மாமா