மூன்று நிமிடச் சதுரங்கத்தில் மூளை என்ன செய்கிறது?

உயர்நிலை 3இல் படிக்கும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். இரவு உணவுக்குப் பிறகு அவர் இணையத்தில் மூன்று நிமிடச் சதுரங்கம் ஆடுவார். அதை நேரலையாகவும் ஒளிபரப்புவார். பார்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் வகுப்புத் தோழர்கள். நேரலை தொடங்கியதிலிருந்து அவருடைய தரப்புள்ளிகளில் 120 குறைந்துவிட்டன. "இன்னும் வேகமாக யோசிக்க எப்படிப் பழகுவது, சார்?" என்று கேட்டார்.

கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது. வேகமாக ஆடுபவர் வேகமாக யோசிப்பதில்லை. பல இடங்களில் அவருக்கு யோசிக்கும் தேவையே வருவதில்லை.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை நீங்கள் ஓடிக்கொண்டே படித்துவிடுகிறீர்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அதே எழுத்துகளைத் தாறுமாறாகக் கலைத்து எழுதினால் நின்று பார்க்க வேண்டியிருக்கும். எழுத்துகள் மாறவில்லை, பழகிய வடிவம்தான் போய்விட்டது.

சதுரங்கத்திலும் இதுவேதான் நடக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு தேர்ந்த ஆட்டக்காரர், ஓர் இடைநிலை ஆட்டக்காரர், ஒரு புதியவர் ஆகிய மூவருக்கும் உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தை 5 விநாடி காட்டினார்கள். பலகையில் இருந்தவை சுமார் 25 காய்கள். பிறகு நினைவிலிருந்து அதே நிலையை அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தவர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். இடைநிலையாளர் 8, புதியவர் 4. அடுத்து, காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். இப்போது மூவரும் ஒரே மாதிரி திணறினார்கள். (தாறுமாறான நிலையிலும் தேர்ந்தவர்களுக்குச் சிறு முன்னிலை உண்டு என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. ஆனால் அது மிகச் சிறியது.)

ஆக, தேர்ந்தவரின் நினைவாற்றல் பொதுவாகவே பெரிது என்று சொல்ல முடியாது. அவர் 25 தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. 'கோட்டை கட்டிய அரசனும் அவனுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும்' என்பது போன்ற ஐந்தாறு கொத்துகளைப் பார்க்கிறார். ஒவ்வொரு கொத்தோடும் அங்கே என்ன ஆடலாம் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. மூன்று நிமிட ஆட்டம் இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. சேமிப்பு கூடுவது பெரும்பாலும் வேறு நேரத்தில், கடிகாரம் ஓடாதபோது.

சரி, நேரலைக்கும் புள்ளிகள் குறைந்ததற்கும் தொடர்பு உண்டா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ராபின்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆட்டக்காரர்களுக்குச் சதுரங்கப் புதிர்களைக் கொடுத்து, கூடவே இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். பொருளில்லாமல் ஒரே சொல்லை முணுமுணுப்பது அவர்களை ஏறக்குறைய பாதிக்கவில்லை. விசைப்பலகையைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்திக்கொண்டே இருப்பது பாதித்தது. மனம் போன போக்கில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பது அதைவிட மோசமாகப் பாதித்தது.

நேரலைக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். வாய் தானாகச் சொல்லும் பழகிய பேச்சால் பெரிய கெடுதல் இல்லை. தோழர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளைக் கண் தேடுவதும், அதற்கு ஒரு வேடிக்கையான பதிலை யோசிப்பதும்தான் ஆட்டத்துக்குத் தேவையான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த மாணவரிடம், ஆடும்போது செய்திகள் ஓடும் பெட்டியை மறைத்துவிட்டு, ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின் பதில் சொல்லச் சொன்னேன். பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்கினார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வடிவங்களை நம்பி ஆடுவதில் ஆபத்தும் உண்டு. அதை நம் ஊரிலேயே உலகம் பார்த்தது. 2024 டிசம்பர் 12, செந்தோசா. உலக வெற்றியாளர் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரனும் சென்னையின் குகேஷும் ஆளுக்கு 6.5 புள்ளிகளில் இருந்தார்கள். சமநிலையில் முடிந்தால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். டிங்கிடம் குகேஷைவிடக் குறைவான நேரமே மீதம் இருந்தது. 55ஆவது நகர்வில் அவர் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தி, யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். காய்களைக் குறைத்துச் சமநிலைக்குப் போவது பழகிய வழிதான். ஆனால் அவருடைய மந்திரி ஏ8 மூலையில் நின்றது. யானைகள் போனதும் மந்திரிகளும் கட்டாயமாக வெட்டப்படும். அரசர்களும் சிப்பாய்களுமே மிஞ்சும். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கு அது வெற்றி. 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்து, 18 வயதில் அவர் உலக வெற்றியாளரானார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். அந்தப் பிழை முதலில் தன் கண்ணிலும் படவில்லை, வேறொரு நகர்வை ஆட இருந்ததாகச் சொன்னார். கை நீளுமுன் இன்னொரு முறை பார்த்தார். அந்தச் சில விநாடிகள் மூன்று நிமிட ஆட்டத்திலும் உங்களிடம் உண்டு. எல்லா நகர்வுக்கும் இல்லை. காய் வெட்டப்படும் நகர்வுகளுக்காவது உண்டு.

இனி அந்த 120 புள்ளிகள். பையில் ஒரு 10 காசு நாணயம் இருந்தால் எடுத்து 20 முறை சுண்டிப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து முறை 'பூ' விழும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒன்று. அதாவது 32 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு அப்படி விழும். உங்களுக்குச் சமமானவரோடு ஆடும்போதும் ஐந்து தொடர் தோல்விகள் இப்படித்தான் வந்து போகும். தரப்புள்ளி முறையை உருவாக்கிய அர்பாட் எலோ ஓர் இயற்பியல் பேராசிரியர். அவருடைய கணக்குப்படி 100 புள்ளி கூடுதலாக உள்ளவர்கூட 100 ஆட்டங்களில் சுமார் 64 புள்ளிகள்தான் எடுப்பார். ஐந்து தோல்விக்குப் பிறகு 'விட்டதைப் பிடிப்போம்' என்று நள்ளிரவுவரை ஆடினால் நிலைமை வேறு. அப்போது தோற்பதற்கு நாணயத்தைக் குறை சொல்ல முடியாது, தூக்கமின்மைதான் காரணம்.

மாணவர் இப்போது இரவில் நான்கு ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்கிறார். அவற்றில் ஒன்று 15 நிமிட ஆட்டம். தோற்ற ஓர் ஆட்டத்தை மறுநாள், கணினியின் உதவியின்றி, எங்கே பிசகியது என்று தானே தேடுகிறார். குகேஷின் தொடக்ககாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் பல ஆண்டுகள் அவரைக் கணினியை அண்டவிடாமல்தான் பயிற்றுவித்தார். கணினி விடையைக் காட்டிவிடும். தேடும்போது மனத்தில் பதியும் வடிவத்தை அதனால் கொடுக்க முடியாது. மூன்று வாரத்தில் என் மாணவருக்கு 40 புள்ளிகள் ஏறியிருக்கின்றன. அது முன்னேற்றமா, வெறும் நாணயமா என்று சொல்ல இன்னும் ஆட்டங்கள் வேண்டும் என்று அவரே என்னிடம் சொன்னார்.

சேஸ், சைமன் சோதனையை நீங்களும் செய்யலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை இருந்தால் போதும். நன்றாக ஆடும் ஒரு தாத்தாவையும், ஆடத் தெரியாத ஒரு நண்பரையும் அழையுங்கள். ஓர் உண்மையான ஆட்டநிலையை 5 விநாடி காட்டி மூடுங்கள். பிறகு தாறுமாறான ஒன்றைக் காட்டுங்கள். இருவரும் சரியாக வைத்த காய்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.